பனியன் வேஸ்ட்டும் பைக் டேங்க்கும்

வண்டியை வெயிலில் நிறுத்தி, டேங்க்கைக் கொஞ்சம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள் தெரியும். கறுப்பு வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். நிழலில் நேற்று வாங்கிய மாதிரி இருக்கும், வெயிலில் பத்து வருஷம் பழசாகத் தெரியும். இந்தக் கோடெல்லாம் யார் போட்டது என்று எங்க ஊர்ப்பக்கம் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். "மண்ணு ரோடுங்க, வேற எப்படி இருக்கும்" என்பார் ஒருத்தர். "கம்பெனி ஸ்டாண்டுல எவனோ ஒரசிட்டான்" என்பார் இன்னொருத்தர். "இப்ப வர்ற பெயிண்ட்டே அப்படித்தான், அந்தக் காலத்து வண்டி மாதிரி வருமா?" என்று ஒரு பெரியவர் ஆரம்பிப்பார்.

என்னைக் கேட்டால், துடைச்ச கை போட்ட கோடுங்க அது. காலையில் கம்பெனிக்குக் கிளம்பும் முன் ஆசை ஆசையாகத் துடைத்த அதே கை.

லீவுக்கு ஊருக்கு வரும் பட்டணத்துச் சொந்தக்காரர்கள், "உங்க ஊர் புழுதி என் வண்டியையே கெடுத்துருச்சு" என்று சொல்லும்போது எனக்குச் சுருக்கென்று இருக்கும். புழுதி பாட்டுக்குச் சும்மா டேங்க் மேல் உட்கார்ந்திருந்தது. அதை உலர்ந்த துணியால் அழுத்தி அழுத்தித் தேய்த்தது யார்?

எங்கள் பக்கத்தில் பைக் என்பது கிட்டத்தட்ட மாடு மாதிரிதான். பல்லடம், காங்கயம், அவிநாசி, ஊத்துக்குளி என்று எந்தப் பக்கம் போனாலும் காலை ஏழு மணிக்குப் பால் கேனோடு சொசைட்டிக்குப் போகும் வண்டி, எட்டரைக்கு அந்த வீட்டுப் பையனை ஏற்றிக்கொண்டு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகும். ஒண்ணரை ஷிப்ட் முடிந்து ராத்திரி வீடு வந்து சேரும். ஞாயிற்றுக்கிழமை சோளத்தட்டுக் கட்டு ஏறும், உர மூட்டை ஏறும், சில வீட்டில் ஆட்டுக்குட்டியும் ஏறும். சோளத்தட்டின் இலை ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கையையே அறுக்கும். புல் வகைச் செடிகள் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சி இலையில் சேர்த்து வைப்பவை. எங்க செம்மண்ணிலும் அதே சிலிக்கா, குவார்ட்ஸ் மணலாக நிறையக் கிடக்கிறது. குவார்ட்ஸ் கண்ணாடியையே கீறக்கூடியது. பெயிண்ட் அதற்கு முன்னால் வெண்ணெய் மாதிரிதான்.

அந்தப் பெயிண்ட் எவ்வளவு கனம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தகட்டின் மேல் துரு பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு. அதற்கு மேல் பிரைமர். அதற்கு மேல்தான் நாம் ஆசைப்பட்டு எடுக்கும் சிவப்பும் நீலமும் கறுப்பும். எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கண்ணாடி மாதிரி ஒரு படலம், பட்டறையில் 'கிளியர்' என்பார்கள். பளபளப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. வெயிலில் நிறம் வெளுக்காமல் காக்கிற பொருளும் அதில்தான் கலந்திருக்கும். அந்தக் கிளியரின் கனம் பெரும்பாலும் 30 முதல் 50 மைக்ரான். ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஜெராக்ஸ் கடையில் வாங்கும் வெள்ளைத்தாள் சுமார் 100 மைக்ரான் இருக்கும். அதில் பாதி வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான் வண்டியின் அழகு மொத்தமும்.

மெல்லிய கீறல் எல்லாம் இந்தக் கிளியருக்குள்ளேயே இருப்பவை. கீறலுக்கென்று தனி நிறம் கிடையாது. அதன் ரெண்டு ஓரத்திலும் வெளிச்சம் பட்டுச் சிதறுவதால்தான் வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. "கீறலை எடுத்துத் தர்றோம்" என்று போர்டு வைத்திருக்கிறார்களே, உண்மையில் கீறலை யாராலும் எடுக்க முடியாது. கீறலைச் சுற்றி இருக்கிற நல்ல இடத்தைத்தான் தேய்த்துக் கீறலின் அடிமட்டத்துக்குக் கொண்டுவருகிறார்கள். நாங்கள் காட்டை நிரவும்போது மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போடுவோம், மண் காட்டுக்குள்ளேயே இருக்கும். பாலிஷ் போடுவதில் பள்ளத்தில் போட மண் கிடையாது. ஒரு குழிக்காகக் காடு மொத்தத்தையும் ஒரு சாண் கீழே இறக்குகிற வேலை அது. எங்க ஊர்க் காடுகளில் பல இடத்தில் செம்மண் ஓரடிதான், அதற்குக் கீழே சுக்காங்கல் தட்டிவிடும். கிளியரும் அதே மாதிரி, ஒரு தடவை போனால் போனதுதான்.

இப்போது எங்க ஊர்ச் சரக்குக்கு வருகிறேன்.

திருப்பூரில் துணி வெட்டும்போது விழும் துண்டுகளுக்குக் கட்டிங் வேஸ்ட் என்று பெயர். அதற்கென்று தனி வியாபாரம், தனிக் குடோன், பிரிக்கிற வேலைக்கு மட்டும் பெண்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். வெள்ளை தனி, கலர் தனி, பருத்தி தனி, பாலியஸ்டர் கலந்தது தனி. நல்ல வெள்ளைத் துண்டுகள் திரும்பப் பஞ்சாக்கப்பட்டு ஓப்பன் எண்ட் மில்லுக்கு நூலாகப் போய்விடும். மிச்சம் மீதியெல்லாம் கலந்து கட்டி மூட்டையாகி மெக்கானிக் ஷெட்டுகளுக்கும் லேத் பட்டறைகளுக்கும் பெட்ரோல் பங்குகளுக்கும் போகும். தமிழ்நாட்டில் நீங்கள் எந்த ஊரில் வண்டி சர்வீஸ் விட்டாலும் மெக்கானிக் கையில் இருக்கும் 'பனியன் வேஸ்ட்' பெரும்பாலும் எங்க பக்கத்துச் சரக்குதான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஆனால் அந்த மூட்டையைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? மெத்தென்ற சிங்கிள் ஜெர்ஸியும் இருக்கும், கழுத்துக்கும் கைக்கும் போடும் ரிப்பும் இருக்கும். ஓவர்லாக் தையல் ஓடிய துண்டு இருக்கும். அந்தத் தையல் நூல் பெரும்பாலும் பாலியஸ்டர், துணியைவிட முரட்டு. எலாஸ்டிக் இருக்கும், லேபிள் ஓரம் இருக்கும், பிரிண்ட் போட்டு மொறமொறவென்று காய்ந்த துண்டு இருக்கும். அடுத்ததாக அந்த மூட்டை எங்கே கிடந்தது என்று பார்க்க வேண்டும். குடோன் தரையில், லாரியில், ஷெட்டில் கிரீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில். செயினைத் துடைத்த துண்டாலேயே டேங்க்கையும் ஒரு துடை துடைத்துக் கொடுப்பார்கள், அன்பாகத்தான். செயினில் இருக்கும் இரும்புத் தூளும் மணலும் டேங்க்கில் வட்ட வட்டமாக ஏறும்.

இதில் துணியின் மேல் குற்றமே இல்லை. துவைத்துப் பழகிய நல்ல பருத்திப் பனியன் துணி வண்டிக்கு மிக நல்லது. கேடு எல்லாம் கலப்பில், அழுக்கில், உலர்த் தேய்ப்பில்தான் இருக்கிறது. புதுத் துணியிலும் ஒரு விஷயம் உண்டு. கம்பெனியில் துணி மெத்தென்று இருக்க வேண்டும் என்பதற்காக சிலிக்கான் சாஃப்ட்னர் போடுவார்கள். கைக்குப் பூ மாதிரி இருக்கும், ஆனால் தண்ணீரை உறிஞ்சாது, தள்ளிவிடும். டேங்க்கில் மங்கலாகப் படலம் வேறு விடும். பெயிண்ட் அடிக்கிற பட்டறைக்காரர்கள் சிலிக்கான் என்றால் பதறுவார்கள். அது பட்ட இடத்தில் புதுப் பெயிண்ட் நிற்காமல் மீன் கண் மாதிரி சுழித்துக்கொள்ளும். ஆகவே அந்தத் துணியை ரெண்டு மூன்று தடவை நன்றாகத் துவைத்த பிறகுதான் வண்டிப் பக்கம் கொண்டுபோக வேண்டும்.

பாதுகாப்பு என்று நினைத்து நாம் செய்யும் சில காரியங்கள் இன்னும் மோசம். டேங்க் கவர் ஒன்று. ரெக்சின் கவரை இழுத்துக் கட்டி, "பெயிண்ட் அப்படியே இருக்கும்" என்பார்கள். கவருக்கும் டேங்க்குக்கும் நடுவில் மெல்லிய மண் போய் உட்காரும். வண்டி ஓடும்போது எஞ்சின் அதிர்வில் கவர் மண்ணை அரைத்துக்கொண்டே இருக்கும், திருகைக்கல் மாதிரி. ரெண்டு வருஷம் கழித்துக் கவரைக் கழற்றினால் கவர் கட்டாத வண்டியே தேவலாம் என்று இருக்கும். வண்டி முழுக்க மூடும் உறையும் அப்படித்தான். ஆடி மாதக் காற்றில் அது படபடவென்று அடித்துக்கொள்ளும்போது உள்ளே என்ன நடக்கும்? மேலே ஓடு போட்ட சாளையில் சும்மா நிறுத்தினாலே போதும். கோழி மட்டும் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கோழி எச்சம் காய்ந்தால் கிளியரையே அரிக்கும், அது வேற கதை.

ஆயுத பூஜை இன்னொன்று. எங்க ஊர்க்காரன் என்பதால் உரிமையோடு சொல்கிறேன். வருஷம் முழுக்கத் தண்ணீரே காணாத வண்டியை அன்றைக்கு நார் போட்டுத் தேய்த்துக் கழுவி, சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, மாலை கட்டுவோம். சாமி கும்பிட்டு மூன்று நாள் கழித்துக் காய்ந்து ஓடாகிப் போன சந்தனத்தை நகத்தால் சுரண்டி, உலர்ந்த துணியால் தேய்த்து எடுப்போம். பித்தளைச் சொம்பை சாம்பலும் புளியும் வைத்துத் தேய்த்துப் பழகிய கை நமக்கு. தேய்க்கத் தேய்க்கப் பளபளக்கும் என்பது ரத்தத்திலேயே ஊறியிருக்கிறது. பித்தளை உள்ளே வெளியே எல்லாம் பித்தளை, எவ்வளவு தேய்த்தாலும் அடியில் பித்தளைதான் வரும். டேங்க்கில் தேய்த்தால் அடியில் பிரைமர் வரும். சந்தனத்தை ஈரத்துணியைப் போட்டுப் பத்து நிமிஷம் ஊறவிட்டால் தானே கரைந்து போகும்.

மாட்டைக் கழுவுவதைப் பார்த்திருப்பீர்கள். தொடையில் சாணி காய்ந்து ஒட்டியிருந்தால் முதலில் தண்ணீரை ஊற்றி ஊறவிடுவோம். ஊறின பிறகுதான் வைக்கோலைச் சுருட்டித் தேய்ப்போம். காய்ந்த சாணியை அப்படியே உரித்தால் மாடு உதைக்கும். வண்டி உதைக்காது, அதுதான் சிக்கல்.

தண்ணீர் பற்றியும் சொல்லியாக வேண்டும். திருப்பூருக்குக் கிழக்கே நொய்யல் ஓரத்து ஊர்களில் கிணற்றுத் தண்ணீர் என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாசனத்துக்கு என்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு போட்டது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்ற கட்டுப்பாட்டோடு பட்டறைகள் பிறகு ஓட ஆரம்பித்தன. மண்ணிலும் நிலத்தடியிலும் இறங்கிய உப்பு அவ்வளவு சீக்கிரம் போகிறதா? சாயம் எட்டிப் பார்க்காத ஊர்களிலும் ஆழ்குழாய்த் தண்ணீர் கடுசுதான். எங்கள் வீடுகளில் நல்ல தண்ணி, உப்புத் தண்ணி என்று ரெண்டு குடம் தனித்தனியாக இருப்பது அதனால்தான். அந்த உப்புத் தண்ணீரில் வண்டியைக் கழுவி வெயிலில் காயவிட்டால் டேங்க் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பொட்டு விழும். அந்தப் பொட்டு போகவில்லையே என்று அழுத்தித் தேய்ப்பதில்தான் அடுத்த செட் கீறல் விழுகிறது. வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து துணியில் நனைத்து ஒரு நிமிஷம் ஒற்றி வைத்து, உடனே நல்ல தண்ணீரில் அலசினால் புதுப் பொட்டுகள் கரைந்துவிடும். அதைவிட நல்ல வழி, கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு குடம் மழைத்தண்ணி. கூரைத் தண்ணீரைப் பேரலில் பிடித்து வைக்கிற வீடுகளுக்கு இது ஒரு செலவே இல்லை.

சரி, ஏற்கனவே விழுந்த கீறலுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். செய்யலாம், ஒரு தடவை, பொறுமையாக.

முதலில் எந்தக் கீறல் என்று பார்க்க வேண்டும். நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே மெல்ல இழுங்கள். நகம் தட்டினால் அது ஆழமான கீறல், பாலிஷ் வேலைக்கு ஆகாது. தட்டவில்லை என்றால் மேலோட்டம். இன்னொரு சோதனை, விரலில் தண்ணீர் தொட்டு அதன் மேல் தடவுங்கள். ஈரத்தில் கோடு மறைந்தால் கிளியருக்குள் இருக்கிறது என்று அர்த்தம். மறையாமல் வெள்ளையாகவோ தகடாகவோ தெரிந்தால் நிறத்தையும் தாண்டிப் போய்விட்டது.

வண்டி ஓட்டி வந்த சூட்டோடு ஆரம்பிக்கக்கூடாது. நிழலில் நிறுத்தி டேங்க் தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும். தோட்டத்து மோட்டார் ஹோஸ் இருந்தால் சௌகரியம், முதலில் வெறும் தண்ணீரால் மண் முழுக்க வழிந்து போகும் வரை கழுவுங்கள். கை வைக்காதீர்கள். பிறகு ரெண்டு வாளி. ஒன்றில் வண்டி ஷாம்பூ, ஒன்றில் வெறும் தண்ணீர். துணிக்கு சோப்புத் தூளோ பாத்திரம் கழுவும் திரவமோ வேண்டாம், மேலே ஏதாவது வாக்ஸ் இருந்தால் அதையும் சேர்த்து உரித்துவிடும். ஷாம்பூவில் நனைத்த துணியை டேங்க்கில் ஒரு இழு இழுத்தால், அடுத்து வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுத்தான் திரும்ப ஷாம்பூ வாளிக்குப் போக வேண்டும். மண் இரண்டாவது வாளியின் அடியிலேயே தங்கிவிடும். மேலிருந்து கீழே, நேர்க்கோட்டில். மட்கார்டும் சக்கரமும் கடைசி, அதற்கு வேற துணி. துணி கை தவறித் தரையில் விழுந்துவிட்டால் அது செயின் துடைக்கப் போகட்டும், டேங்க் பக்கம் திரும்ப வரக்கூடாது. ஈரத்தைத் தேய்த்துத் துடைக்காமல் ஒற்றி எடுங்கள்.

இதற்கு மைக்ரோஃபைபர் துணிதான் நல்லது என்று சொல்வேன். பருத்தி ஊரில் உட்கார்ந்துகொண்டு பாலியஸ்டர் துணியைச் சிபாரிசு செய்வதில் எனக்கே கொஞ்சம் கூச்சம்தான். ஆனால் அதன் இழை முடியைவிடப் பல மடங்கு மெல்லிசாகப் பிளந்திருக்கும், மண்துகளை உள்ளே வாங்கிக்கொள்ளும். பருத்தித் துணி துகளைத் தள்ளிக்கொண்டே போகும். கடைசியில் வாக்ஸைத் துடைத்து மெருகேற்றுவதற்கு நம்ம பனியன் துணி போதும்.

பாலிஷ் வாங்கும்போது எடுத்த எடுப்பில் ரப்பிங் காம்பவுண்ட் வாங்காதீர்கள். அது முரட்டுச் சரக்கு, பட்டறையில் பெயிண்ட் அடித்து வாட்டர் பேப்பர் போட்ட பிறகு தேய்க்க வைத்திருப்பது. இருப்பதிலேயே மெல்லிய பாலிஷ் எதுவோ அதில் ஆரம்பிக்க வேண்டும். ஸ்டிக்கர் ஓரத்திலும் எம்பளத்தைச் சுற்றியும் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். மருந்து அடிப்பதற்கு முன்னால் வரப்பு ஓரத்தில் நாலு செடிக்கு அடித்துப் பார்ப்போம் இல்லையா, அந்த மாதிரி கண்ணில் படாத ஒரு மூலையில் போட்டுப் பாருங்கள். சுண்டைக்காய் அளவு பாலிஷை ஸ்பாஞ்சில் தொட்டு, உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும், மிதமாக அழுத்தி இருபது முப்பது தடவை தேய்த்து, துடைத்துவிட்டு, வெயிலில் பாருங்கள். முக்கால்வாசி மறைந்துவிட்டதா? அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். மிச்சம் கால்வாசியை மறைக்கத்தான் கிளியர் அதிகம் செலவாகும். மேலே ஒரு கை வாக்ஸ் போட்டால் மீதிக் கோடுகளும் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. வாக்ஸ் ஒன்றிரண்டு மாதத்தில் போய்விடும், திரும்பப் போட்டுக்கொள்ளலாம். அதில் பெயிண்ட் நஷ்டமில்லை.

மேட் ஃபினிஷ் வண்டிக்கு இது எதுவும் பொருந்தாது. அதைத் தேய்த்தால் தேய்த்த இடம் மட்டும் பளபளவென்று திட்டாகிவிடும், திரும்ப மேட் ஆக்க வழியில்லை. பழைய வண்டிகள் பலவற்றில் கிளியரே கிடையாது, நிறம்தான் மேல் படலம். தேய்த்த துணியில் வண்டியின் கலர் ஏறினால் அந்த ரகம் என்று தெரிந்துகொள்ளலாம். புல்லட் டேங்க்கில் கையால் இழுத்த தங்கக் கோடு இருக்கும் பாருங்கள், அதன் பக்கம் பாலிஷோடு போகவே போகாதீர்கள். இத்தனை மெஷின் வந்த பிறகும் மனுஷன் கை தூரிகை பிடித்து ஒரே இழுப்பில் போட்ட கோடு அது. காம்பவுண்ட் வைத்துத் தேய்த்தால் அழிந்தே போகலாம்.

பல் தேய்க்கும் பேஸ்ட் போட்டால் கீறல் போகும் என்று வீடியோ போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பேஸ்ட்டில் சுண்ணாம்புத் தூளோ சிலிக்காவோ இருப்பதால் கொஞ்சம் தேய்க்கத்தான் செய்யும். ஆனால் அது பல்லுக்கென்று அளந்து செய்த தூள், கிளியருக்கென்று செய்தது அல்ல. தேங்காய் எண்ணெயும் டீசலும் தடவினால் கோட்டுக்குள் எண்ணெய் நிரம்பிப் பளிச்சென்று தெரியும், ஊத்துக்குளி ரோட்டில் ரெண்டு கிலோமீட்டர் போவதற்குள் அந்த எண்ணெயில் புழுதி அப்பிக்கொள்ளும். மறுநாள் அதை யார் துடைப்பார்? எப்படித் துடைப்பார்?

எனக்கு உண்மையான கோபம் வருஷா வருஷம் பஃபிங் போடும் பழக்கத்தின் மேல்தான். பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருத்தன், பவர்டேபிள் டைலர். தவணையில் எடுத்த வண்டி, தவணை இன்னும் முடியவில்லை. போன ஆயுத பூஜைக்கு முன்னாடி வந்து, "பெரியப்பா, வாட்டர் வாஷ் கடைல மெஷின் வெச்சு பஃபிங் அடிச்சுத் தர்றாங்களாம். எல்லாக் கோடும் போயிருமாம். ரெண்டு நாள் சம்பளம்தான் ஆகும்" என்றான். போன வருஷமும் அடித்தாயே சாமி என்றேன். "அது ஆறு மாசத்துல திரும்ப வந்துருச்சுங்" என்றான்.

திரும்ப வரத்தானே செய்யும். தினமும் காலையில் உலர் வேஸ்ட்டால் துடைக்கிற பழக்கம் மாறவில்லையே. நானும் அவனும் போய் அந்தக் கடையின் மெஷினைப் பார்த்தோம். கம்பி அறுக்கிற ஆங்கிள் கிரைண்டரில் ஸ்பாஞ்ச் மாட்டி வைத்திருந்தார்கள். நாலு இஞ்ச் கிரைண்டர் நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும். பாலிஷுக்கென்று வரும் மெஷின்கள் மூவாயிரத்துக்குள் அடங்கும், அதிலும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். கிரைண்டர் வைத்த இடத்தில் சூடு ஏறும், டேங்க்கின் விளிம்பில் கிளியர் ஏற்கனவே மெலிசாக இருக்கும், முதலில் அங்கேதான் எரிந்து போகும். பிளாஸ்டிக் பேனலில் இன்னும் சீக்கிரம். அந்தக் கடைக்காரரும் பாவம், வேணும் என்று கெடுப்பவர் இல்லை. வாடிக்கையாளர் கேட்பது இருபது நிமிஷத்தில் பளபளப்பு. அவர் அதைத்தான் கொடுக்கிறார்.

இப்படி நாலைந்து பூஜை போனால் டேங்க்கின் மேல்பக்கம் திட்டுத் திட்டாக வெளுக்கும், பிறகு உரியும். அப்புறம் பட்டறையில் முழு டேங்க்கும் பெயிண்ட் அடிக்க வேண்டியதுதான். வண்டிக் கம்பெனியில் வெறும் தகட்டை 140 டிகிரி அளவுக்குச் சூட்டில் சுட்டுக் கெட்டியாக்கிய பெயிண்ட்டுக்கும், பட்டறையில் அடித்துக் காயவைத்த பெயிண்ட்டுக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். விற்கப் போகும்போது பழைய வண்டி புரோக்கர் டேங்க்கை ஒரு பார்வை பார்த்தே, "ரீபெயிண்ட் ஆயிருக்கு, எங்காச்சும் உளுந்த வண்டியா?" என்பார். விழாத வண்டிக்கு விழுந்த வண்டியின் விலை. அழகுக்கென்று வருஷா வருஷம் ரெண்டு நாள் சம்பளம் கொடுத்த பையன், கடைசியில் அந்த அழகுக்காகவே இன்னும் பல நாள் சம்பளத்தை விட்டுக்கொடுத்துவிட்டு நிற்பான்.

வேலை செய்கிற வண்டிக்கு எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி என்று எங்க ஊர்ப் பெரியவர்கள் கேட்பார்கள். அதில் பாதி எனக்கும் சம்மதம். மெல்லிய கோட்டால் வண்டிக்கு ஒரு கெடுதலும் இல்லை. வெயிலில் சாய்ந்து பார்த்தால் மட்டும் தெரிகிற கோட்டை வெயிலில் சாய்ந்து பார்க்காமல் இருந்துவிட்டால் போச்சு. ஆனால் அதே பெரியவரின் வண்டியில், டேங்க்கின் கீழ் விளிம்பில் சாவிக்கொத்து தட்டித் தட்டித் தகடு தெரியும். பால் கேன் கொக்கி இடித்த இடத்தில் பெயிண்ட் சில்லாகப் பெயர்ந்திருக்கும். அதை யாரும் கவனிப்பதில்லை. கோட்டுக்குக் கவலைப்படுகிற பையனும் சரி, எதற்கும் கவலைப்படாத பெரியவரும் சரி, அந்தச் சில்லை விட்டுவிடுகிறார்கள். ஒரு ஐப்பசி மழை போதும், அதில் துரு பிடிக்க. துரு பெயிண்ட்டுக்கு அடியில் கரையான் மாதிரி ஓடும். ஓட்டை விழுந்தால் ஒழுகுவது பெட்ரோல். நகம் தட்டுகிற கீறல், தகடு தெரிகிற சில்லு, இதற்குத்தான் அன்றைக்கே பார்க்க வேண்டும். மெல்லிய எமரியால் துருவை எடுத்து, சுத்தமாகத் துடைத்து, ஒரு சொட்டு பிரைமர், காய்ந்ததும் ஒரு சொட்டு டச்-அப் பெயிண்ட், தீக்குச்சி முனையில் தொட்டு வைத்தால் போதும். பார்க்க மச்சம் மாதிரி இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்தப் பையன் பஃபிங் அடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்க தோட்டத்துத் தொட்டியோரமாக வண்டியை நிறுத்தி ரெண்டு வாளி வைத்துக் கழுவிவிட்டுப் போகிறான். மற்ற நாளில் காலையில் துடைப்பதை நிறுத்திவிட்டான், அதுதான் அவனுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்ததாம். புழுதியோடு கம்பெனி ஸ்டாண்டில் நிறுத்த வெட்கமாக இருக்கிறது என்கிறான். கோழிச் சிறகைக் கட்டித் தூசி தட்டிக்கொள் என்றேன், சிரிக்கிறான்.

துணி வேண்டும் என்கிற நண்பர்களுக்கு: திருப்பூர்ப் பக்கம் வந்தால் வேஸ்ட் குடோனில் மூட்டையாகக் கேட்காதீர்கள். வெள்ளை சிங்கிள் ஜெர்ஸி, முழுப் பருத்தி, தையல் ஓடாத துண்டு என்று கேளுங்கள். கால் கிலோ ஒரு வருஷத்துக்கு வரும். வாங்கியதும் ரெண்டு மூன்று தடவை வெந்நீரில் அலசுங்கள், கம்ஃபர்ட் போடாதீர்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உடனே உறிஞ்ச வேண்டும், உருண்டு ஓடினால் இன்னொரு அலசு. காய்ந்ததும் மூடி போட்ட டப்பாவில் வையுங்கள், வண்டி சீட்டுக்கு அடியில் வேண்டாம். சீட்டுக்கு அடியில்தான் மண் எல்லாம் இருக்கிறது.